எம்ஓரி பெயிலான காரை ஓடலாமோ? பழைய எம்ஓரி இன்னும் முடியேல்லை எண்டால்?

கேள்வி:

அண்ணை, நாங்கள் லண்டன் ஹரோவில இருக்கிறம். 2012 ரொயோட்டா யாரிஸ் ஒண்டு வைச்சிருக்கிறம். எம்ஓரி (கார் ரோட்டில ஓடத்தக்கதோ எண்டு வருஷா வருஷம் சோதிச்சுக் குடுக்கிற சான்றிதழ்) நவம்பர் 28 வரைக்கும் கிடந்தது, கடைசி நேரத்தில அவதிப்படக் கூடாது எண்டு 10ஆம் திகதியே கொண்டுபோய்க் குடுத்தனான், பெயில் ஆக்கிப்போட்டாங்கள். முன் ரயர் ஒண்டு டேஞ்சரஸ், முன் ஸ்பிரிங் ஒண்டு உடைஞ்சிருக்கு எண்டு மேஜர், நம்பர் பிளேற் லைற் ரெண்டில ஒண்டு எரியேல்லை எண்டு மைனர், பிரேக் டிஸ்க் தேய்ஞ்சிருக்கு எண்டு அட்வைசறி. திருத்த 395 பவுண்ஸ் கேட்டாங்கள். தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் சௌத்தோலில 220க்குச் செய்து தாறன் எண்டான், அதால காரை எடுத்துக்கொண்டு வீட்டை வந்திட்டம். இப்ப வாசல் ரோட்டில நிக்குது. இவர் சொல்லுறார் பழைய எம்ஓரி 28 வரைக்கும் இருக்குத்தானே, அதுவரைக்கும் ஓடலாம் எண்டு. என்ர தம்பி சொல்லுறான் பெயிலான உடன பழையது கான்சல், இனி இன்சூரன்ஸும் இல்லை எண்டு. பிள்ளையளை ஸ்கூலுக்கு விடோணும், இவருக்கு நைற் ஷிப்ற். ஆர் சொல்லுறது சரி? சௌத்தோலுக்கு ஓடிக்கொண்டு போகலாமோ? கராஜ்காரன் முதல்ல காரைத் தரேலாது எண்டு முரண்டு பிடிச்சவன், அப்பிடிச் செய்ய அவனுக்கு உரிமை இருக்கோ? இவர் இஞ்ச ட்ரைவிங் ரெஸ்ற் பாஸ் பண்ணி ஒரு வருஷம்தான், அதையும் யோசிச்சுச் சொல்லுங்கோ.

பதில்:

தங்கச்சி, முதல்ல ஒரு விஷயம், இதை வாசிக்கிற நேரம் கார் வாசல்லயே நிண்டால் அப்பிடியே நிக்கட்டும், திறப்பை உள்ளுக்கு வைச்சிட்டு மிச்சத்தை வாசியுங்கோ. ஸ்கூலுக்கும் வேண்டாம், ஷிப்ற்றுக்கும் வேண்டாம், சௌத்தோலுக்கும் வேண்டாம். அந்த ரயர் மாறும் வரைக்கும்தான், அது ஒரு மணித்தியால வேலை, அதைப் பற்றிக் கீழ சொல்லுறன்.

இனி ஆர் சொல்லுறது சரி எண்ட கதை. தம்பி சொல்லுறது பிழை. பெயிலானதால பழைய எம்ஓரி கான்சல் ஆகாது, அது 28 இரவு வரைக்கும் உயிரோடதான் இருக்கும், கம்பியூட்டரில பாத்தாலும் அந்தத் திகதிதான் காட்டும், கமெரா பிடிச்சாலும் இந்தக் காருக்கு எம்ஓரி இருக்கு எண்டுதான் சொல்லும். அந்த மட்டில உங்கட அவர் சரி. ஆனால் அதிலயிருந்து "அப்ப ஓடலாம்" எண்டு அவர் பாய்ஞ்சார் பாருங்கோ, அங்கதான் பிழைச்சுப்போச்சு. எம்ஓரி இருக்கோ இல்லையோ எண்டது ஒரு சட்டம், கார் ரோட்டில ஓடுற நிலைமையில இருக்கோ எண்டது இன்னொரு சட்டம், ரெண்டுக்கும் தனித்தனித் தண்டனை. நேற்றுப் பாஸான காரை இண்டைக்கு மொட்டை ரயரோட ஓடினாலும் குற்றம்தான், அப்ப பொலிஸிட்டை பாஸ் பேப்பரைக் காட்டி ஒரு பிரயோசனமும் இல்லை.

சரி, உங்கட கையில இருக்கிற பெயில் பேப்பரை எடுங்கோ. இந்த வேலையில என்னட்டை வாற ஆக்கள் முக்கால்வாசிப்பேர் அதில மேல இருக்கிற பெயில் எண்டதையும் கீழ கராஜ்காரன் எழுதின காசையும்தான் பாக்கினம், இடையில இருக்கிற தலைப்புகளைப் பாக்கிறேல்லை. முழு விஷயமும் அந்தத் தலைப்பிலதான் கிடக்கு. 2018 மே 20ஆம் திகதிக்குப் பிறகு பிழைகளை வகை பிரிச்சு எழுதோணும் எண்டு கொண்டு வந்தவை. "டூ நொட் ட்ரைவ் அன்ரில் ரிப்பேர்ட்" எண்டு இருக்கிறதுக்குக் கீழ வாறது டேஞ்சரஸ், அது திருத்தும் வரைக்கும் காரை ஓடவே கூடாது எண்ட பொருள்தான், வேற விளக்கம் ஒண்டும் இல்லை. "ரிப்பேர் இமீடியட்லி" எண்டதுக்குக் கீழ மேஜர், உடன திருத்தோணும். மைனரும் (சின்னப் பிழை) அட்வைசறியும் (இனிக் கவனிச்சுக்கொள்ளுங்கோ எண்ட குறிப்பு) பெயிலுக்குக் காரணமில்லை, அது ரெண்டு மட்டும் இருந்தால் கார் பாஸ்தான். 2018க்கு முந்தி இந்தப் பிரிவு இப்பிடி இருக்கேல்லை, பாஸ் பெயில் அட்வைசறி எண்ட அளவிலதான் ஓடினது, அதால பழைய ஆக்கள் இண்டைக்கும் "பழைய எம்ஓரி இருந்தால் பயமில்லை, ஓடு" எண்டு சொல்லிக்கொண்டு திரியினம். உங்கட அவருக்கும் ஆரோ அப்பிடித்தான் சொல்லியிருப்பினம்.

இப்ப அரசாங்கத்தின்ர விதி என்னெண்டால், பெயிலான காரை நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் ரெண்டும் இருக்கோணும்: பழைய எம்ஓரி முடியாமல் இருக்கோணும், பேப்பரில டேஞ்சரஸ் ஒண்டும் இருக்கக் கூடாது. உங்களுக்கு முதலாவது இருக்கு, ரெண்டாவது இல்லை. ஆகவே கராஜிலயிருந்து ஹரோ வீட்டுக்கு ஓடி வந்ததே கூடாத வேலை. வந்தாச்சு, சரி, அதை இனிக் கதைச்சுப் பிரயோசனமில்லை.

தண்டனையைச் சொல்லாட்டி ஒருத்தரும் கேக்கமாட்டினம், அதால சொல்லுறன். எம்ஓரி இல்லாமல் ஓடினால் ஆயிரம் பவுண்ஸ் வரைக்கும் ஃபைன், பொயின்ற் (லைசென்ஸில ஏறுற தண்டனைப் புள்ளி) இல்லை. டேஞ்சரஸ் எண்டு குறிச்ச காரை ஓடினால் 2,500 பவுண்ஸ் வரைக்கும் ஃபைன், மூண்டு பொயின்ற், லைசென்ஸைப் பறிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. பாத்தீங்களோ, பேப்பர் இல்லாமல் ஓடுறதை விடப் பேப்பரோட பழுதான காரை ஓடுறதுதான் பெரிய குற்றம். ரயருக்கு எண்டு தனியா வேற கணக்கு இருக்கு, ஒவ்வொரு பிழையான ரயருக்கும் மூண்டு பொயின்ற். உங்கட அவர் பாஸ் பண்ணி ஒரு வருஷம் எண்டு நீங்கள் எழுதினது நல்லதாப் போச்சு, ஏனெண்டால் இந்த நாட்டில முதல் ரெஸ்ற் பாஸ் பண்ணி ரெண்டு வருஷத்துக்குள்ள ஆறு பொயின்ற் சேர்ந்தால் லைசென்ஸ் போகும், தற்காலிகமா இல்லை, திரும்ப ப்ரொவிஷனல் (ஓடப் பழகிற ஆக்களின்ர லைசென்ஸ்) எடுத்துத் தியறியும் ப்ரக்ரிகலும் முதல்லயிருந்து செய்யோணும். ரெண்டு முன் ரயரும் பிழையெண்டு பொலிஸ் பிடிச்சால் அந்த ஆறு ஒரே நாளில வரலாம். கார் உங்கட பேரில இருந்து, நிலைமை தெரிஞ்சும் "கொண்டு போங்கோ" எண்டு நீங்கள் திறப்பைக் குடுத்தால் உங்களுக்கும் சேத்துத்தான் வழக்கு, ஓடினவரோட ஓட விட்டவரும் எண்டு சட்டத்தில இருக்கு.

ரெண்டு ரயர் எண்டு நான் ஏன் சொல்லுறன்? பேப்பரில ஒண்டுதானே இருக்கு எண்டு கேப்பீங்கள். உங்கட பேப்பரில நியர்சைட் முன் ரயர், உள்பக்கம் கம்பி தெரியுது எண்டு இருக்கும் எண்டு நினைக்கிறன் (நியர்சைட் எண்டால் நடைபாதைப் பக்கம், இஞ்ச இடது கை பக்கம், ஓஃப்சைட் எண்டால் ட்ரைவர் பக்கம்). இது நாங்கள் அடிக்கடி காணுற விஷயம். ரோட்டில நிண்டு பாத்தால் ரயர் வடிவா இருக்கும், வெளிப்பக்கம் பூ எல்லாம் ஆழமா இருக்கும், "புது ரயர் மாதிரிக் கிடக்கு, இதைப்போய் பெயில் ஆக்கிட்டான் கள்ளன்" எண்டு சனம் சண்டைக்கு வரும். ஸ்ரியறிங்கை முழுசா ஒரு பக்கம் திருப்பிப்போட்டு ரயருக்குப் பின்னால குனிஞ்சு ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. உள் ஓரத்தில ஒரு பெருவிரல் அகலத்துக்கு ரப்பர் வழுவழு எண்டு தேய்ஞ்சு, அதுக்குள்ளால துணி மாதிரி நூலும், நூலுக்குள்ளால ஊசி மாதிரி மெல்லிய கம்பியும் தலை நீட்டிக்கொண்டு நிக்கும். கையால தடவிப் பாக்க வேண்டாம், அந்தக் கம்பி விரலைக் கிழிச்சிடும். அந்த இடத்தில காத்தைப் பிடிச்சு வைச்சிருக்க ஒண்டும் மிச்சமில்லை, மோட்டர்வேயில 70இல போகேக்க வெடிச்சால் கார் ஆற்ற பக்கம் திரும்பும் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.

இப்பிடி உள்பக்கம் மட்டும் தேயுறதுக்குக் காரணம் அநேகமா ட்ராக்கிங். சில்லு ரெண்டும் நேரா நிக்காமல் கொஞ்சம் சரிஞ்சு, ரோட்டில இழுபட்டுக்கொண்டு ஓடுது. எங்கட பக்கத்து ரோட்டுக் குழிகளுக்குள்ள விழுந்து எழும்பினால் இதெல்லாம் நடக்கும். அப்பிடியெண்டால் மற்றப் பக்க ரயரும் தேய்ஞ்சுகொண்டுதான் இருக்கும், அதையும் ஒருக்கா திருப்பிப் பாருங்கோ. சட்டப்படி ரயரின்ர நடு முக்கால் பங்கு அகலத்துக்கு, சுத்தவர எல்லா இடத்திலயும் 1.6 மில்லிமீற்றர் ஆழம் இருக்கோணும். 20 பென்ஸ் குத்தியை அந்தப் பள்ளத்துக்குள்ள வையுங்கோ, குத்தியின்ர வெளி விளிம்புப் பட்டை தெரிஞ்சால் ரயர் அநேகமா சட்டத்துக்குக் குறைவு. புது ரயர் போட்ட கையோட ட்ராக்கிங்கும் சரிபாக்கோணும், இல்லாட்டி இந்தப் புது ரயரும் கொஞ்ச நாளில இதே கோலத்துக்கு வந்திடும், பிறகு ரயர் கடைக்காரனைத் திட்டிப் பிரயோசனமில்லை.

ஸ்பிரிங் மேஜர்தானே, அதோட ஓடலாமோ? பேப்பர்ப்படி மேஜர் மட்டும் இருந்து பழைய எம்ஓரியும் இருந்தால் காரை எடுத்துக்கொண்டு போகத் தடையில்லை. ஆனால் விதியில ஒரு வசனம் கூட இருக்கு, அப்பிடிக் கொண்டு போற காரும் ரோட்டில ஓடுறதுக்கு வேண்டிய குறைஞ்சபட்ச நிலைமையில எப்பவும் இருக்கோணும் எண்டு. உடைஞ்ச ஸ்பிரிங்கோட ஓடுற காரைப் பொலிஸ் நிப்பாட்டினால் "மேஜர்தான் சேர், டேஞ்சரஸ் இல்லை" எண்டு வாதாடி வெல்லலாம் எண்டு நான் உங்களுக்கு உத்தரவாதம் தரமாட்டன். முன் ஸ்பிரிங் அநேகமா அடிச் சுத்திலதான் உடையும், மாரியில ரோட்டுக்குப் போடுற உப்பு பெயின்ற்றை அரிச்சு உள்ளுக்குத் துரு பிடிக்க, ஒரு குழியில விழ டக் எண்டு போயிடும், கன பேருக்குத் தெரியவே தெரியாது, திருப்பத்தில ஒரு சத்தம் கேக்கும் அவ்வளவுதான். அந்த உடைஞ்ச நுனி கூரா நிக்கிறது ரயருக்குக் கிட்ட. நகர்ந்து ரயரில குத்தினால் பிறகு அதுவும் முதலாவது கதைதான். ஆனபடியா ஸ்பிரிங்கோட திருத்திற இடத்துக்கு மட்டும் நேர போங்கோ, மெதுவா, மோட்டர்வே வேண்டாம், போற வழியில கடைக்கு இறங்கிறது, பிள்ளையளை ஏத்திறது ஒண்டும் வேண்டாம். மாத்தேக்க ரெண்டு பக்கமும் சோடியா மாத்தச் சொல்லுங்கோ, எம்ஓரிக்கு ஒண்டு மாத்தினால் காணும்தான், ஆனால் ஒரு பக்கம் புதுசும் மற்றப் பக்கம் பழசுமா இருந்தால் கார் ஒரு பக்கம் உயந்து நிக்கும், அந்தப் பழசும் அதே வயசுதானே.

இனி என்ன செய்யிறது. வீட்டுக்கு வந்து ரயர் மாத்திற மொபைல் ரயர் ஆக்கள் லண்டன் முழுக்க இருக்கினம், ரயரின்ர பக்கத்தில எழுதியிருக்கிற அளவைப் படம் எடுத்து அனுப்பினால் வான்ல கொண்டுவந்து உங்கட வாசல்லயே போட்டிட்டுப் போவினம். கடையில போடுறதை விடக் கொஞ்சம் காசு கூட, ஆனால் ரக்கில ஏத்தி இறக்கிற காசை விடக் குறைவு. பில்லை வாங்கி வையுங்கோ, அதில கார் நம்பரும் எந்தப் பக்க ரயர் எண்டதும் திகதியும் எழுதச் சொல்லுங்கோ. அது முக்கியம், ஏனெண்டால் கம்பியூட்டரில டேஞ்சரஸ் எண்டு கிடக்கிறது நீங்கள் ரயர் மாத்தினதால அழியாது, அடுத்த ரெஸ்ற் பாஸ் ஆகும் வரைக்கும் உங்கட கையில இருக்கிற ஆதாரம் அந்தப் பில்தான். ரயர் மாத்தின பிறகு டேஞ்சரஸ் இல்லை, பழைய எம்ஓரி இருக்கு, மேல சொன்ன மாதிரி நேர சௌத்தோலுக்கு ஸ்பிரிங்குக்குக் கொண்டு போகலாம். ரயருக்குக் காசு இப்ப இல்லை எண்டால் ரெக்கவறி ரக்கில ஏத்திக்கொண்டு போங்கோ. கயிறு கட்டி இழுக்கிறது வேண்டாம், அப்பவும் அந்த ரயர் ரோட்டிலதான் உருளும்.

ஆனால் 395க்கும் 220க்கும் இடையில உங்களுக்கு 175 மிச்சம் எண்டு நினைக்க வேண்டாம், ரீரெஸ்ற் கணக்கையும் பாருங்கோ. ரெஸ்ற் எடுத்த இடத்திலயே காரை விட்டுத் திருத்தி 10 வேலை நாளுக்குள்ள திரும்பப் பாத்தால் ரீரெஸ்ற்றுக்குக் காசு இல்லை. எடுத்துக்கொண்டு போய் வேற இடத்தில திருத்தி 10 வேலை நாளுக்குள்ள அதே ரெஸ்ற் நிலையத்துக்குக் கொண்டு வந்தால் பாதிக் காசு வரைக்கும் கேக்கலாம். (காருக்கு முழு ரெஸ்ற்றின்ர உச்சக் காசு 54.85, அதை விடக் கூட ஒருத்தரும் வாங்கேலாது, குறைவா வாங்கிற இடங்கள் கனக்க இருக்கு.) அடுத்த வேலை நாள் முடிய முதல் கொண்டு வந்தால் சில சாமான்களுக்கு ஃப்ரீ, ரயர், லைற், கண்ணாடி, வைப்பர், ஹோர்ன், சீற் பெல்ற் மாதிரி, ஸ்பிரிங் அந்தப் பட்டியல்ல இல்லை, உங்களுக்கு அந்த நாளும் போயிட்டுது. 10 நாள் தாண்டினால் முழுக் காசு, முழு ரெஸ்ற். ஆகவே சௌத்தோல் பெடியனிட்டை கேளுங்கோ: அந்த 220க்குள்ள ரயரும் அடக்கமோ, ஸ்பிரிங் ஒண்டோ சோடியோ, ட்ராக்கிங் இருக்கோ எண்டு. கேட்டிட்டு ரீரெஸ்ற் காசையும் கூட்டிப் பாருங்கோ. அப்பவும் மலிவு எண்டால் அங்க செய்யுங்கோ, எனக்கு அதில ஒரு மறுப்பும் இல்லை, ரெஸ்ற் எடுத்த இடத்திலதான் திருத்தோணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. நம்பர் பிளேற் பல்ப்பையும் அதோட மாத்திவிடச் சொல்லுங்கோ, சில்லறைக் காசு, மற்றதும் எரியாமல் விட்டால் பிறகு அது மேஜர்.

நீங்கள் முந்தியே ரெஸ்ற்றுக்குக் குடுத்தது நல்ல வேலை, அதால ஒண்டும் நட்டமில்லை. முடியிற திகதிக்கு ஒரு மாசத்துக்கு ஒரு நாள் குறைவா முந்திச் செய்யலாம், உங்களுக்கு ஒக்ரோபர் 29இலயிருந்து செய்யலாம், பாஸானால் அடுத்த வருஷம் நவம்பர் 28 வரைக்கும்தான் வரும், நாள் குறையாது.

28 தாண்டினால் கதை மாறும். பழைய எம்ஓரியும் இல்லை எண்டால் அந்தக் காரை ரெண்டு விஷயத்துக்குத்தான் ஓடலாம், முன்கூட்டியே புக் பண்ணின எம்ஓரி ரெஸ்ற்றுக்கும், திருத்திற இடத்துக்குப் போய் வரவும். "புக் பண்ணின" எண்டதைக் கவனியுங்கோ. பொலிஸ் நிப்பாட்டின பிறகு "ரெஸ்ற்றுக்குத்தான் போறன்" எண்டு கதை விட்டால் எந்த கராஜ், எத்தினை மணி எண்டு கேட்டு அங்கயே ஃபோன் அடிப்பினம், அதால புக் பண்ணின மெசேஜை ஃபோனில வைச்சிருங்கோ. அப்பவும் டேஞ்சரஸ் பிழை இருந்தால் இந்தச் சலுகை உங்களைக் காப்பாத்தாது. இன்னொண்டு, 28க்குப் பிறகு வாசல் ரோட்டில சும்மா நிப்பாட்டி வைக்கிறதும் பாவிக்கிற கணக்குத்தான். நிப்பாட்டத்தான் போறீங்கள் எண்டால் சொந்த ட்ரைவ்வேக்குள்ள விடோணும், ரக்ஸோ இன்சூரன்ஸோ இல்லாமல் விடுறது எண்டால் சோர்னும் (கார் ரோட்டில இல்லை எண்டு அரசாங்கத்துக்கு அறிவிக்கிறது) பண்ணோணும், ரோட்டில விட்டிட்டு "நான் ஓடேல்லையே" எண்டு சொல்லேலாது. ரோட் ரக்ஸ் புதுப்பிக்கவும் எம்ஓரி இல்லாமல் விடாது.

இன்சூரன்ஸ் விஷயத்தில தம்பி சொன்னது அரைகுறை. பெயிலான உடன இன்சூரன்ஸ் தானா இல்லாமல் போறது இல்லை. நீங்கள் ஆரையும் அடிச்சிட்டீங்கள் எண்டால், காரின்ர நிலைமை சரியில்லை எண்ட காரணத்தைச் சொல்லி அடிபட்ட ஆளுக்குக் காசு குடுக்காமல் கொம்பனி தப்பேலாது, 1988 ரோட் ட்ரபிக் சட்டத்தின்ர 148ஆம் பிரிவு அதுக்குத்தான் இருக்கு. ஆனால் குடுத்த காசை உங்களிட்டையிருந்து திருப்பிக் கேக்க அதே பிரிவு கொம்பனிக்கு வழி விட்டிருக்கு. உங்கட சொந்தக் காரின்ர சேதத்துக்கு எண்டால் பொலிசியில "காரை ஓடத்தக்க நிலைமையில வைச்சிருக்கோணும்" எண்டு அநேகமா இருக்கும், அந்த ரயராலதான் அக்சிடென்ட் எண்டு கண்டால் குறைக்கலாம், தராமலும் விடலாம்.

இதை விடப் பெரிய விஷயம் ஒண்டு இருக்கு, ஆனால் சனம் ஆயிரம் பவுண்ஸ் ஃபைனைப் பற்றித்தான் கதைக்கும். டேஞ்சரஸ் ட்ரைவிங் எண்டால் வேகமாப் போறது, தறிகெட்டு ஓடுறது மட்டும் எண்டு எல்லாரும் நினைக்கினம். சட்டத்தில அப்பிடி இல்லை. இந்த நிலைமையில இந்தக் காரை ஓடுறது ஆபத்து எண்டு ஒரு நல்ல ட்ரைவருக்கு வெளிப்படையாத் தெரியும் எண்டால், 20இல போனாலும் அது டேஞ்சரஸ் ட்ரைவிங், ஜெயில் வரைக்கும் போகும். அதைத் தீர்மானிக்கேக்க ஓடின ஆளுக்கு என்ன தெரிஞ்சிருந்தது எண்டும் பாப்பினம். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, பேப்பரில எழுதித் தந்திருக்கு, திகதி நேரம் மைலேஜ் எல்லாம் போட்டு. அக்சிடென்ட் நடந்து ஆருக்கும் ஏதும் நடந்தால் பொலிஸ் முதல் பாக்கிறது எம்ஓரி ஹிஸ்ரறியைத்தான், அது கார் நம்பரை அடிச்சால் ஆரும் ஃப்ரீயாப் பாக்கக்கூடிய விஷயம். உயிர் போனால் 2022இலயிருந்து ஆயுள் தண்டனை வரைக்கும் குடுக்கலாம்.

ரெஸ்ற்றரின்ர முடிவு பிழை எண்டு உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், விரி17 (VT17) எண்ட ஃபோர்மை நிரப்பி டிவிஎஸ்ஏக்கு (எம்ஓரியைப் பாக்கிற அரசாங்க நிறுவனம்) அப்பீல் பண்ணலாம், 14 வேலை நாளுக்குள்ள. திருத்த முதல் செய்யோணும், திருத்தின பிறகு அவை வந்து எதைப் பாக்கிறது? முழு ரெஸ்ற் காசு கட்டோணும், உங்கட பக்கம் நியாயம் எண்டால் முழுசாவோ ஒரு பங்கோ திருப்பித் தருவினம். உங்கட விஷயத்தில அந்த ரயரை ஒருக்கா குனிஞ்சு பாத்தாலே போதும், அப்பீலுக்கு வேலை இருக்காது எண்டு நினைக்கிறன். கராஜ்காரன் வேலைக்காகப் பிழை கண்டுபிடிக்கிறான் எண்டு எப்பவும் சந்தேகம் உள்ள ஆக்கள் அடுத்தமுறை கவுன்சில் நடத்திற ரெஸ்ற் நிலையத்துக்குப் போங்கோ, கன கவுன்சில் கவுன்சில் வாகனங்களுக்காக வைச்சிருக்கிற இடத்தைப் பொதுசனத்துக்கும் திறந்து வைச்சிருக்கு, அங்க உங்கட காரைத் திருத்திற வேலை இல்லை, அதால பிழை இருந்தாலும் இல்லாட்டியும் அவைக்கு ஒண்டுதான்.

நீங்கள் கேக்கேல்லை, ஆனால் ஆரும் வந்து சொல்லத்தான் போயினம், "தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார், காரைக் காட்டவே தேவையில்லை, பாஸ் அடிச்சுத் தருவார்" எண்டு. அந்தப் பக்கமே போகாதேங்கோ. அது மோசடி வழக்கு, ரெஸ்ற்றருக்கு மட்டுமில்லை, காசு குடுத்தவருக்கும். அதோட அந்தப் பாஸ் பேப்பரால ரயருக்குள்ள ரப்பர் முளைக்காது.

வட அயர்லாந்தில இருக்கிற ஆக்கள் இதை அப்பிடியே எடுக்க வேண்டாம், அங்க ரெஸ்ற்றை அரசாங்க நிலையத்தில மட்டும்தான் செய்யலாம், புதுக் காருக்கு முதல் ரெஸ்ற் மூண்டு வருஷத்தில இல்லாமல் நாலு வருஷத்தில. அங்கத்தை விதியைத் தனியாப் பாருங்கோ.

கடைசியாக் கராஜ்காரன் காரைத் தரேலாது எண்டு நிண்ட விஷயம். டேஞ்சரஸ் எண்ட காரணத்துக்காக உங்கட காரை மறிச்சு வைக்க எம்ஓரி நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. ஓடக் கூடாது எண்டு சொல்லலாம், பேப்பரில எழுதித் தரலாம், அதுக்கு மேல கார் உங்கடது, முடிவு உங்கடது. செய்த வேலைக்குக் காசு பாக்கி எண்டால்தான் தரும் வரைக்கும் வைச்சிருக்கலாம், நீங்கள் அங்க வேலை ஒண்டும் செய்விக்கேல்லைத்தானே. ஆனால் அந்தாள் முரண்டு பிடிச்சதை நான் பிழையாச் சொல்லமாட்டன், கம்பி தெரியிற ரயரோட ஒரு குடும்பம் வெளிய போறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறது எங்களுக்கும் லேசில்லை. ரீரெஸ்ற்றுக்கு அங்கதானே போகோணும், அதால சண்டை பிடிக்காமல் இண்டைக்கே ஃபோன் அடிச்சு, 10 வேலை நாள் எப்ப முடியுது எண்டு கேட்டு, அதுக்கு முதல் ஒரு நாளைப் புக் பண்ணி வையுங்கோ. நவம்பர் கடைசியில எல்லா இடமும் நிரம்பி வழியும்.